சரக்கின் பெயர்

சரக்கு விவரம் என்ற கட்டத்துக்கு முன்னால்
கால்மணி நேரமாய் உட்கார்ந்திருக்கிறேன்.
படகு என்று எழுதினால்
இன்ஜின் எங்கே என்பார்கள் சுங்கத்தில்.
தொட்டி என்று எழுதினால்
தொட்டிக்கு எதுக்கம்மா மூக்கு என்பார்கள்.

சோனங்குப்பத்தில் எங்கள் யார்டு.
கடலுக்குப் போகிற ஃபைபர் படகு,
இருபத்தெட்டு அடி, முப்பத்திரண்டு அடி.
போன தை மாசம் ஆர்டர் ஒன்றுமில்லை.
ரெசின் டிரம் இரண்டு கெட்டியாகிப்போனது.
அந்த வாரம்தான் ஓமானிலிருந்து கூப்பிட்டார்
பரங்கிப்பேட்டை ஜக்கரியா,
ஒட்டகப் பண்ணையில் கணக்கெழுதுகிறவர்.
இரும்புத் தொட்டி ஆறு மாசத்தில் துருவேறுதாம்.
சிமெண்டுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு
மேய்ச்சலுக்குப் பின்னால் போக முடியாதாம்.
"உங்க போட்ல தண்ணி உள்ள வராதுல்ல?"
"வராது."
"அப்ப உள்ள ஊத்துனா வெளியவும் போகாதுல்ல?"

தேசிங்கு அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்து
என்னைப் பார்த்தார்.
பதினேழு வருஷ யாபாரத்தில்
யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

முதலாவதை ஏராவோடு அனுப்பிவிட்டோம்.
இருந்த அச்சு அதுதானே.
மணலில் ஒருபக்கமாய்ச் சாய்ந்து
முக்கால்வாசி கொட்டிப்போன படம் வந்தது.
பாலைவனத்தில் கவிழ்ந்த எங்கள் முதல் படகு.
உயிர்ச்சேதம் இல்லை.

ஏராவை அறுத்தோம், மூக்கையும் அறுத்தோம்.
நீலம் கொதிக்குது என்றார்கள்; வெள்ளை அடித்தோம்.
ரெசின் வாடைக்கு ஒட்டகம்
முகத்தைத் திருப்பிக்கொள்ளுது என்றார்கள்;
பத்து நாள் வெயிலில் போட்டு
மூன்று தரம் கழுவினோம்.
உயரம் எவ்வளவு?
கடலூரில் யாரைப் போய்க் கேட்பது?
ஜக்கரியா ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நின்று
வீடியோ கால் போட்டார்.
அவர் இடுப்பு வரைக்கும் என்று முடிவானது.
ஜக்கரியா, ஐந்தடி ஐந்து அங்குலம்:
கணக்கு நோட்டில் இன்னும் இருக்கிறது.

சோதனைதான் விசித்திரம்.
ஆற்றில் இறக்கி, உள்ளே குனிந்து,
எங்காவது ஈரம் ஏறுதா என்று
தடவிப் பழகிய கை செங்கேணிக்கு.
இப்போது கட்டைமேல் தூக்கி வைத்து
லாரித் தண்ணீரை உள்ளே நிரப்பிவிட்டு
மண்ணில் மல்லாந்து படுத்து
அடிப்பக்கம் தடவுகிறான்.
அந்தத் தண்ணீர் அறுநூறு ரூபாய்.
கொட்ட மனசில்லாமல் நாங்கள் நிற்கையில்
குடத்தோடு வந்துவிட்டது தெரு.
நானும் பிடித்தேன், இரண்டு குடம்.

சதுரமாய் நாலு போனது.
பார்க்கத் தொட்டி மாதிரியே இருந்தது.
ஒரே மாதத்தில் ஜக்கரியா குரலில் தயக்கம்:
மூக்கு திரும்ப வேணுமாம்.
கவிழ்ந்தாலும் அந்த முதல் படகு
காற்று வரும் திசைக்கு மூக்கைக் காட்டினால்
மணலை இரண்டாய்ப் பிளந்து அனுப்பியதாம்.
சதுரத்தில் நேராய் மோதி ஏறி
விடிவதற்குள் பாதித் தொட்டி மணல்.
அண்ணன் சிரித்த சிரிப்பில்
டீ கிளாஸ் கீழே விழுந்தது.
"அலைன்னா எல்லா ஊர்லயும் அலைதான் போ"
என்றவர் பழைய அச்சைத் தேடச் சொன்னார்.

அல்போன்ஸ் பெயிண்டர்
மூக்கில் நம்பர் எழுதாமல் ஒன்றையும் வெளியே விட்டதில்லை.
இதற்கு என்ன நம்பர்?
கேட்டதற்கு
ஒட்டகத் தொடையில் போடும் சூட்டுக்குறியைப்
படம் பிடித்து அனுப்பினார்கள்:
ஒரு கோடு, அதன் அடியில் அரை வட்டம்.
"தூண்டில் முள்ளுதான இது" என்று
பச்சையில் எழுதினான், இருபத்திநாலிலும்.

நேற்று வந்த வீடியோவில்
சத்தம் மட்டும்தான் தெளிவு.
பதினோரு ஒட்டகம் உறிஞ்சுகிற சத்தம்,
முகத்துவாரத்தில் வற்றம் இழுக்கிற மாதிரி.
ஒரு குட்டி மட்டும் குடிக்காமல்
மூக்கின் நுனியில்
கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
அதை யாரும் யோசித்துச் செய்யவில்லை.

மணி நாலே முக்கால். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.
பாக்கி நாற்பது சதவீதம், சரக்கு இறங்கினதும்.
எழுதிவிட்டேன்:
ஃபைபர் தொட்டி, மூக்கு வைத்தது.
யாரும் கேட்பதற்கு முன்
பக்கத்திலேயே சேர்த்தேன்:
இன்ஜின் கிடையாது.